தலைக்கும் தொப்பிக்கும் நடுவுல ஒரு துணி

ஹெல்மெட்டுக்குள்ள போட்டுக்கிற மெல்லிசான துணித்தொப்பி ஒண்ணு இப்ப டவுன் கடைகள்ல தொங்குது. வியர்வையை உறிஞ்சும், நெத்தி அரிக்காதுன்னு சொல்லி விக்கிறாங்க. சென்னையில வேலை பார்க்கிற என் பையன் ரெண்டு வாங்கிட்டு வந்தான். கையில வாங்கிப் பார்த்தேன். நம்ம ஈரிழைத் துண்டைத் தலை அளவுக்கு வெட்டித் தைச்சா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கு. அவனுக்கு இது புதுசு. ஆனா தலைக்கும் தலையில வைக்கிற பொருளுக்கும் நடுவுல துணியோ தோலோ வச்ச கதை ரொம்பப் பழசு. அந்தக் கதையில வியர்வையை விட வேற விஷயமும் நிறைய இருக்கு.

முதல்ல வியர்வை. வேர்த்தா மட்டும் உடம்பு குளிர்ந்துடாது, அது ஆவியாகணும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை உடம்புலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போகுது. ஆவியாகாம வழிஞ்சு கீழ விழுந்தா தண்ணி நஷ்டம், உப்பு நஷ்டம், குளிர்ச்சி கிடையாது. தலையை எதையாவது வச்சு மூடிட்டா உள்ள காத்து போகாது. வியர்வை நெத்தி வழியா இறங்கிக் கண்ணுக்குப் போயிடும். மெஷின் வர்றதுக்கு முன்னாடி அறுப்புக்குப் போனவங்களைக் கேட்டுப் பாருங்க. கண்ணுல உப்புத்தண்ணி இறங்கின நேரத்துலதான் கருக்கரிவாள் விரலைப் பதம் பார்க்கும். அதனால வெயில் தலையில படவும் கூடாது, வியர்வை தேங்கவும் கூடாது. தொப்பி செய்யறவன், தலைப்பாகை கட்டுறவன் எல்லாருக்கும் இருந்த சிக்கல் இதுதான்.

ஐரோப்பாவுல கம்பளித் தொப்பிக்குள்ள வட்டமா ஒரு தோல் பட்டை வச்சுத் தைப்பாங்க. தொப்பி தலையில பிடிச்சு நிக்கவும், வியர்வை கம்பளியில இறங்கிக் கறை பிடிக்காம இருக்கவும் அந்தப் பட்டை. குளிர் நாட்டுக்கு அது போதும். நம்ம ஊரு சித்திரை வெயிலுக்குப் போதுமா? அதனால இங்க வந்த வெள்ளைக்காரங்க வேற ஒண்ணைப் பிடிச்சாங்க. அது நம்ம குளத்துலயே கிடக்கிற நெட்டி.

டெல்டாக்காரங்களுக்கு நெட்டியைச் சொல்லத் தேவையில்லை. ஏரி குளத்துல தண்ணிக்குள்ள வளர்ற செடி. தோலைச் சீவினா உள்ள வெள்ளை வெளேர்னு, தெர்மாகோல் மாதிரி எடையே இல்லாம தண்டு இருக்கும். ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டையில அதை வெட்டிச் சாயம் ஏத்தி மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவாங்க. தஞ்சாவூர்ல அதுலயே கோயில் கோபுரம் பொம்மையெல்லாம் செய்யறாங்க, 2020-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. இந்த நெட்டியை மெல்லிசாச் சீவி, அச்சு மேல அடுக்கடுக்கா ஒட்டி, மேல துணி போர்த்தினா வெள்ளைக்கார துரைங்க போட்ட தொப்பி தயார். 19-ம் நூற்றாண்டு நடுவுலேர்ந்து அது பரவுச்சு. 'சோலா' தொப்பின்னு பேரு. வங்காளத்துல நெட்டிக்கு 'ஷோலா'ன்னு சொல்லுவாங்க, அதுலேர்ந்து வந்த பேரு. இங்கிலீஷ் காதுல அது 'சோலார்'னு விழுந்து, சூரியனுக்கான தொப்பின்னே நிறைய பேரு எழுதிட்டாங்க.

அந்தத் தொப்பியோட வெளித்தோற்றம் சினிமாவுல பார்த்திருப்பீங்க. எனக்குப் பிடிச்சது உள்பக்கம். வியர்வைப் பட்டையைத் தொப்பியோட ஒட்டித் தைக்க மாட்டாங்க. நடுவுல சின்னச் சின்னத் தக்கைத் துண்டுகளை வச்சு, ஒரு விரல் நுழையற மாதிரி இடைவெளி விடுவாங்க. தொப்பி தலையைத் தொடாது, பட்டை மட்டும்தான் தொடும். கீழேர்ந்து காத்து ஏறி உச்சியில இருக்கிற சின்ன ஓட்டை வழியாப் போயிடும். கூரை வீட்டுல கூரைக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி விடுவோமே, அதே கணக்குதான். யோசிச்சவன் கெட்டிக்காரன்.

தொப்பிக்கு வெளியில ஒரு துணியைச் சுத்தியிருப்பாங்க, அதுக்கு வச்ச பேரு நம்ம நாட்டுத் தலைப்பாகையைக் குறிக்கிற 'பக்ரி'ங்கிற இந்தி வார்த்தைதான். எங்க தலைப்பாகையை எடுத்துத் தொப்பிக்குக் கட்டிட்டாங்க, அவ்வளவுதான்.

ஆனா வெயிலைப் பத்தி அவங்களுக்கு இருந்த பயம் இருக்கே, அது தனிக் கதை. இந்திய வெயில் மண்டை ஓடு வழியாவும் முதுகெலும்பு வழியாவும் இறங்கி ஆளைக் கொன்னுடும்னு அவங்க டாக்டர்களே நம்பினாங்க. தலைக்கு நெட்டித் தொப்பி பத்தாதுன்னு முதுகுக்கும் ஃபிளானல் துணியில மெத்தை தைச்சு சட்டையில மாட்டிக்கிட்டாங்க. அதே வெயில்ல, பக்கத்துலயே, நம்ம ஆளு கோவணத்தோட சேத்துல நின்னுக்கிட்டிருந்தான். அவன் மூளைக்கு என்ன ஆகும்னு யாரும் கட்டுரை எழுதலை. இரண்டாம் உலகப்போர் சமயத்துல பட்டாளத்துக்காரங்களே அந்தத் தொப்பியைக் கழட்டிப் போட ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கும் மூளை உருகலை.

தோல் பட்டைன்னதும் வேலூரைச் சொல்லாம இருக்க முடியாது. நெட்டித் தொப்பிக்கெல்லாம் முந்தின கதை இது. 1805 நவம்பர்ல சென்னைப் படையோட தளபதி ஜான் கிரடாக் சிப்பாய்களுக்கு ஒரு உத்தரவு போட்டார். நெத்தியில நாமம், விபூதி கூடாது. தாடியை எடுக்கணும். மீசையை ஒரே அளவா வெட்டணும். பழைய தலைப்பாகைக்குப் பதிலா அக்னியூங்கிற அதிகாரி வடிவமைச்ச புதுத் தலைப்பாகை. அது பார்க்கத் தொப்பி மாதிரியே இருந்துச்சு, அதுல தோல்ல செஞ்ச குஞ்சம் வேற. எந்த மிருகத்துத் தோலுன்னு இந்து சிப்பாயும் கேட்டான், முஸ்லிம் சிப்பாயும் கேட்டான். தொப்பி போட்டா மதம் மாத்திடுவாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. மறுத்தவங்களுக்குக் கசையடி கொடுத்தாங்க. 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி வேலூர்க் கோட்டையில துப்பாக்கி வெடிச்சுது. ஆற்காட்டுலேர்ந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து அன்னிக்கே அடக்கிட்டார். நூத்துக்கணக்குல செத்தாங்க. திப்பு சுல்தானோட பிள்ளைகள் கோட்டைக்குள்ள இருந்தது, பட்டாளத்துல இருந்த மத்த வருத்தங்கள்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா முடிவுல கும்பினி முதல்ல வாபஸ் வாங்கினது அந்தத் தலைப்பாகை உத்தரவைத்தான். கிரடாக்கையும், கவர்னர் பெண்டிங்கையும் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க.

சரி, பட்டாளத்துல இல்லாதவன் தலைக்கு? துண்டுதான். வியர்வையை உறிஞ்சும், வெயிலை மறைக்கும், நாத்துமுடி தூக்கும்போது சும்மாடாகும், கரையில உட்கார்ந்தா விரிப்பாகும், பழையது சாப்பிட்டா வாய் துடைக்கும். மெல்லிசான பருத்தி சீக்கிரம் நனையும், சீக்கிரம் காயும். அதான் வயலுக்கு நல்லது. இப்ப குளிச்சுட்டுத் துடைக்கிற சொரசொரப்பான டர்க்கி டவல் தண்ணியை நிறைய குடிக்கும், ஆனா லேசுல காயாது. தலையில கட்டினா பாரம். அந்த டவலைத் துருக்கியில பார்த்துட்டு வந்து 1850 வாக்குல இங்கிலாந்துல நெய்ய வச்சவர் ஹென்றி கிறிஸ்டி. அவங்க குடும்பம் தொப்பி வியாபாரக் குடும்பம்ங்கிறது எனக்கு வேடிக்கையாப் பட்டுச்சு.

வெள்ளைக்காரன் உத்தரவு போட்டுத் தலையில இருந்ததை மாத்தினான்னு கோபமாப் படிக்கிறோம். நம்ம ஊருல உத்தரவே இல்லாம நடந்ததைச் சொல்லணும். எங்க தாத்தா குத்தகை விவசாயி. மிராசுதார் வண்டி வர்ற சத்தம் கேட்டா தலையில கட்டின துண்டு கக்கத்துக்குப் போயிடும். அதே தாத்தா வரப்புல வந்தா, சேரியிலேர்ந்து வேலைக்கு வந்தவங்க துண்டை அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் குனிஞ்சு நிப்பாங்க. அவர் போற வரைக்கும் வியர்வையைத் துடைக்கக்கூட முடியாது. 'அது அப்போ மரியாதை'ம்பார் அப்பா. வேர்க்கிறவன் துணியைப் பிடுங்கிட்டு அதுக்கு மரியாதைன்னு பேர் வச்சா நான் ஒத்துக்க மாட்டேன். அப்பாகிட்டயும் அதைச் சொல்லியிருக்கேன்.

நாதஸ்வரக்காரங்களுக்கும் இதே கதிதான். நரசிங்கம்பேட்டையில நெட்டி மாலையோட நாதஸ்வரமும் செய்யறாங்க, ஆச்சா மரத்துல. அதை ஒரு மணி நேரம் நின்னு ஊதினா நெஞ்சு, கழுத்து, நெத்தி எல்லாம் ஊத்தும். ஆனா பெரிய மனுஷங்க முன்னாடி தோள்ல துண்டு போடக் கூடாது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்ல ஒரு கல்யாண ஊர்வலத்துல மதுரை சிவக்கொழுந்து வாசிச்சுக்கிட்டு வந்தப்போ, துண்டை எடுக்கச் சொல்லிச் சிலர் தகராறு பண்ணாங்க. சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்காதீங்கன்னு உறுதியா நின்னார். துண்டு தோள்லயே இருந்துச்சு. அரசியல்வாதிங்க தோள்ல கிடந்த நீளத் துண்டைக் கிண்டல் பண்றவங்க இதையும் சேர்த்துப் படிக்கணும்.

எங்க பக்கம் மாறினதுக்குச் சங்கம்தான் காரணம். சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க சேரி சேரியாப் போய் விவசாயச் சங்கம் கட்டினாங்க. 1944-ல மன்னார்குடி ஒப்பந்தத்துல சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தணும்னு எழுதினாங்க. துண்டைப் பத்தித் தனியா எந்த ஒப்பந்தமும் போடலை. அது ஒவ்வொரு வரப்புலயும் ஒவ்வொரு ஆளா அவுக்காம நின்னு மாறினது. எங்க ஊருல நான் பள்ளிக்கூடம் போன காலத்துல பெரியவங்க சிலர் பழக்கத்துல இடுப்புல கட்டுவாங்க, அவங்க பிள்ளைகள் கட்ட மாட்டாங்க. அதுக்காகவே திட்டும் வாங்குவாங்க.

போன வாரம் எங்க வயல்ல நடவு. பதினாலு பொம்பளைங்க, எல்லாரும் புருஷனோட பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல போட்டு, தலையில துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாங்க. நான் கரையில போய் நின்னேன். 'டீ எங்க?'ன்னு ஒரு அம்மா கேட்டுட்டு, துண்டோட முனையில நெத்தியைத் துடைச்சுக்கிட்டு அடுத்த முடியைப் பிரிச்சாங்க.