ஒநேசிமுவுக்குக் கிடைத்த வேலை



கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை அது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, மாறுவேடத்தில் தப்பி இங்கு வந்துசேர்ந்தார் ராபர்ட் கிளைவ் என்னும் இளம் எழுத்தர். கணக்கெழுதுவதில் மனம் ஒட்டாதிருந்த அவருக்கு மறு ஆண்டே படைப்பணி கிடைத்தது. பின்னர் நடந்தவற்றைப் பள்ளியில் படித்திருக்கிறோம். தீராத வலிக்காக அவர் அபின் உட்கொண்டதும், அதன் அளவு கூடிக்கொண்டே போனதும் பாடத்தில் இல்லை. 1774இல் லண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 49. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வங்காளத்து அபின் வாணிகம் கம்பெனியின் ஏகபோகமாயிற்று.

வலியிலிருந்து தொடங்கும் அந்தப் பாதை இன்றும் மாறவில்லை. நம் மாவட்டத்து இளைஞர் கையில் இப்போது இருப்பது அபின் உருண்டை அன்று, வலிநிவாரண மாத்திரை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. ஆயினும் அதன் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் சிக்கிய அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. இதை அறிந்த பெற்றோர் மிகச் சிலரே.

மதுவினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, பின்னர் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்தியது. ஊரார் முன்னிலையில் குணமானவனை ஊராரே தாங்குவர் என்னும் நம்பிக்கை அதில் இருந்தது. எனக்கு இது மருந்தைவிடச் சிறியதாகத் தோன்றவில்லை. சிகிச்சை முடிந்த மகனைக் காட்டி, "இவனுக்கு யார் ஐயா வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்கும் தாய்க்கு மருத்துவரிடம் விடை இல்லை. கடலூர் துறைமுகத்தில் படகு வைத்திருப்பவரிடமும் சிதம்பரம் கடைவீதியில் கடை நடத்துபவரிடமுமே அது இருக்கிறது.

வேலை கொடுப்பது பாதிதான். அது நிலைக்க வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரைக்காகச் சிலர் நாள்தோறும் காலையில் மருத்துவமனை செல்ல வேண்டும். அவ்வாறு ஒரு மணி நேரம் தாமதமாக வருபவனைச் சோம்பேறி என்பதும், "இன்னும் விடவில்லையே" என்று பழிப்பதும் நம் அறியாமை. ஒருமுறை தவறியவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறோம். சம்பள நாள் எத்தகைய சோதனை என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவனே ஒப்பினால், கூலியை வீட்டாரின் வங்கிக் கணக்கில் செலுத்தலாமே!

பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தைத் திரும்ப வாசியுங்கள். ஒநேசிமு என்னும் பெயருக்குப் பயனுள்ளவன் என்று பொருள். அவனோ எஜமானுக்குப் பயனற்றவனாயிருந்தவன். பவுல் அவனைப் புகழ்ந்து எழுதியதோடு விடவில்லை. அவனுடைய கடனைத் தம் கணக்கில் வைக்கும்படி சொந்தக் கையால் எழுதிக்கொடுத்தார். கொலோசெயருக்குச் செய்தி கொண்டுசெல்லும் பொறுப்பில் தீகிக்குவுடன் அவனையும் சேர்த்தார். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில், தாம் தங்குவதற்கு ஓர் இடத்தை ஆயத்தம் செய்யச் சொல்கிறார். ஒநேசிமு இருக்கும் வீட்டுக்கே அவர் வருவதாக இருந்தார்.