பூனை போன பின்னும் போகாதது

வீட்டு விலங்குகளால் வரும் ஒவ்வாமைக்கு மருத்துவம் முதலில் கண்ட வழி, விலங்கை விலக்குவது. விலக்கப்படுவது உண்மையில் எது என்பது மிகப் பிந்தித்தான் தெரிந்தது. 1552இல் இத்தாலிய மருத்துவர் ஜெரோலாமோ கார்டானோ, மூச்சிரைப்பால் வாடிய செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டனுக்கு வைத்தியம் பார்க்க ஸ்காட்லாந்து வரை போனார். உணவு, உறக்கம் என நீண்ட பத்தியம் எழுதிக் கொடுத்தவர், இறகு மெத்தையை எடுத்துவிட்டுப் பட்டு மெத்தையில் படுக்கவும் சொன்னார். பேராயர் தேறினார். ஒவ்வாமை என்ற கருத்தே அன்று கிடையாது. இறகு உடல் சூட்டைக் கூட்டும் என்பது கார்டானோவின் கணக்கு. குணம் தந்தது இறகு நீங்கியதா, மெத்தையோடு வெளியேறிய தூசியா என்று இன்று சொல்வதற்கில்லை.

ஆஸ்துமாவைப் பற்றி 1860இல் நூல் எழுதிய லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர் தாமே ஆஸ்துமாக்காரர். பூனை பக்கத்தில் இருந்தாலே மூச்சு முட்டி, கண்ணும் மூக்கும் அரித்து நீர் வடிவதை அவர் நூல் விவரிக்கிறது. அதற்கு ஒரு பெயர் கிடைத்தது 1906இல்தான்: வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். அது குதிரை வண்டிக் காலம் என்பதால், அன்றைய மருத்துவர்களுக்குப் பூனை, நாயைவிடக் குதிரைச் செதிள்தான் பெரிய தலைவலி. மோட்டார் வாகனம் வந்தது. அந்த நோயாளிகள் தாமாகவே குறைந்தார்கள்.

பூனை மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. முடிதான் காரணம் என்று பலரும் இன்றுவரை நம்புகிறார்கள். ஆனால் 1974இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பூனையின் முக்கிய ஒவ்வாமைப் புரதத்தைப் பிரித்தெடுத்து அதன் தன்மைகளை வெளியிட்டார்கள். பிற்பாடு ‘ஃபெல் டி 1’ என்று பெயர் பெற்ற இது, பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிறது. பூனை உடம்பை நக்கும்போது முடியில் படிந்து, காய்ந்து, பொடியாக உதிர்கிறது. தூசிப் பூச்சியின் கழிவு கனமானது; கிளம்பினாலும் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். பூனைப் புரதத்தைச் சுமக்கும் துகள்களில் ஒரு பகுதி சில மைக்ரான் அளவே இருப்பதால் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கிறது, துணியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. பூனையே இல்லாத வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அது அகப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

விலக்குவது எளிதல்ல என்பதை 1989இல் அமெரிக்காவில் ராபர்ட் வுட் குழுவினர் அளந்தே காட்டினார்கள். பூனையை வெளியேற்றிய பல வீடுகளில், பூனையில்லா வீட்டின் அளவுக்குப் புரதம் குறைய 20 முதல் 24 வாரங்கள் ஆயின. தரைவிரிப்பையும் மெத்தை நாற்காலிகளையும் அகற்றிய வீடுகளில் இன்னும் சீக்கிரம் குறைந்தது. பூனையை அனுப்பிப் பதினைந்து நாளில் பலன் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

விலங்கைப் பிரிய மனமில்லாதவர்களுக்காக வேறு வழிகள் தேடப்பட்டன. பூனையைக் குளிப்பாட்டினால் காற்றில் புரதம் குறைவது 1990களில் உறுதியானது. ஆனால் ஒரே வாரத்தில் பழைய நிலை திரும்பிவிடும். வாரந்தோறும் பூனையைத் தண்ணீரில் முக்குவது நடக்கிற காரியமா என்பதைப் பூனை வளர்ப்பவர்களே அறிவார்கள். அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க உருவான ஹெப்பா வடிகட்டியும் வீட்டுக்கு வந்தது. படுக்கையறைக் காற்றில் புரதத்தை அது குறைத்தது. 1998இல் வெளியான சோதனையில் நோயாளிகளின் தொல்லை அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாய் விஷயத்தில் இனத்தையே மாற்றிப் பார்த்தார்கள். ஹவாயில் பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. கணவருக்கோ நாய் ஒத்துக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்த்து வந்த வாலி கான்ரன், 1980களின் கடைசியில் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து மூன்று குட்டிகளைப் பெற்றார். அவற்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் பறந்தன. மூன்றில் ஒன்றுதான் கணவருக்கு ஒத்துப்போனது. அந்த முடிவே ஓர் எச்சரிக்கை; சந்தையோ ‘லாப்ரடூடில்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு இனம் முழுவதையும் அலர்ஜி தராத நாயாக்கிவிட்டது. கண்டபடி கலப்பினங்கள் பெருகியதைப் பார்த்துப் பிற்காலத்தில் கான்ரனே வருந்தினார். 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, அலர்ஜி தராதவை எனப்படும் நாய்களின் முடியில் ஒவ்வாமைப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்ததைக் கண்டது.

இதற்கிடையே, சிறு குழந்தை இருக்கும் வீட்டில் விலங்கு கூடாது என்ற பழைய அறிவுரையும் ஆட்டம் கண்டது. முதல் வயதில் விலங்குகளோடு வளர்ந்த குழந்தைகளிடம் பின்னாளில் ஒவ்வாமை குறைவாக இருந்ததாக 1999இல் ஒரு ஸ்வீடன் ஆய்வு சொன்னது. பிந்தைய ஆய்வுகள் எல்லாம் அதை ஆமோதிக்கவில்லை. ஏற்கெனவே அலர்ஜி வந்துவிட்டவருக்கு இதனால் ஆறுதலும் இல்லை.

2019இல் வந்தது புதிய உத்தி. பூனையின் தீவனத்தில் கோழி முட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்புரதத்தைக் கலந்தார்கள். அது பூனையின் வாயிலேயே ஒவ்வாமைப் புரதத்தோடு ஒட்டி அதை முடக்கும். மூன்றாம் வாரம் முதல் முடியில் செயல்படு புரதம் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. ஆய்வை நடத்தியவர்கள் தீவன நிறுவனத்தின் விஞ்ஞானிகள். அளக்கப்பட்டது பூனையின் முடி, வளர்ப்பவரின் மூச்சு அல்ல.