வெள்ளி ரதம் அனுப்பிய ஊர்களின் ஊருணி



தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குக் கிளம்பும் வெள்ளி ரதம், 1894-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. 1857-ல் இங்கே கோயில் கட்டிய அதே செட்டிநாட்டு நகரத்தார்தான் அதையும் கொண்டு வந்தாங்க.

நமக்கு மலையில் அருவி கொட்டுது. அவங்க சொந்த ஊரில் அருவியும் கிடையாது, வற்றாத ஆறும் கிடையாது. மழை பெஞ்சாத்தான் தண்ணி. அதனால மலாயாவிலும் பர்மாவிலும் சம்பாதிச்ச காசில் வீடு கட்டினவங்க, கோயில் திருப்பணி செஞ்சவங்க, குளமும் வெட்டினாங்க. குடிக்கிற தண்ணிக்கு வெட்டினது ஊருணி. திருக்குறளிலேயே இந்தச் சொல் இருக்கு.

சுத்தி செம்புராங்கல் படிக்கட்டு. பல ஊருணிகளில் நடுவில் ஒரு கிணறும் இருக்கும், கோடையில் குளம் வத்தினாலும் அதில் இறைச்சுக்கலாம். குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. எடுத்து வந்த தண்ணி கலங்கலா இருந்தா பானைக்குள்ள தேத்தாங்கொட்டையைத் தேய்ச்சு தெளிய வைப்பாங்க. மழை பெஞ்சு குளம் நிறைஞ்சு, படியில் நின்னு குடத்தை முக்கி எடுக்கிற சந்தோஷம் பைப்பைத் திருப்பறதில் வருமா?

ஆனா வெட்டினதோட வேலை முடியலை. கோடையில் தூர் வாரணும். அள்ளின வண்டல் வயலுக்கு உரமாப் போகும். கரையைப் பலப்படுத்தணும். எல்லாத்தையும் விட முக்கியம், மழைத்தண்ணியைக் கொண்டு வர்ற வரத்துக்கால். ஃபேக்டரியில் இருக்கிற எங்களுக்கு இது நல்லாப் புரியும், மெஷின் எவ்வளவு விலைன்னாலும் பைப் அடைச்சா லைன் நின்னுடும். படிக்கட்டுக்கு உபயம்னா கல்லில் பேர் வெட்டலாம், ஆள் வரும். கால்வாய்க்கு யாரும் பேர் வெட்டறதில்லை. நம்ம கோயில்களிலும் அதே கதைதான், விளக்குக்கு உபயதாரர் கிடைப்பாங்க, சாக்கடை சுத்தம் பண்ண நாங்க நாலு பேர்தான்.

1930-களில் மந்தம் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசாங்கம் நிலத்தையெல்லாம் எடுத்துக்கிட்டது. வெளிநாட்டுப் பணம் குறைஞ்சது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனாங்க, ஊருக்குக் குழாயும் வந்தது. வரத்துக்காலை ரோடும் வீடும் மறிச்ச இடங்களில், நல்ல மழை பெஞ்சும் ஊருணி காஞ்சு கிடக்கு. கல் படி அப்படியே இருக்கு, தண்ணி வர்ற வழிதான் போச்சு.

சில ஊர்களில் மறுபடி தூர் வாரி இருக்காங்க. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தம் உள்ளவங்க அடுத்த தடவை போகும்போது ஊருணியை மட்டும் பார்க்காதீங்க, வரத்துக்கால் ஓரமா கொஞ்ச தூரம் நடந்து பாருங்க. எங்கே அடைச்சிருக்குன்னு எங்களுக்கும் எழுதுங்க.