திமிங்கிலத்தின் மேனியில் ஒரு சாசனம்

கொட்டியாரக் குடாவை அடுத்துள்ள மூதூரை, 1660ஆம் ஆண்டில் றொபேட் நொக்ஸ் சிறைப்பட்ட பகுதியாகவே வரலாற்று மாணவர் அறிவர். ஆயின், குடாவுக்கு அப்பால் ஆழ்கடலில் உலவும் நீலத் திமிங்கிலங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

தென்முனைக் கடலிற் பிடிபட்ட நீலத் திமிங்கிலங்களின் தோலில் மஞ்சட் படலம் படிந்திருத்தலைக் கண்ட வேட்டைக்காரர், அவற்றைக் ‘கந்தக வயிறு’ என அழைத்தனர். அப்படலம் கண்ணுக்குப் புலனாகாத டயற்றம் என்னும் பாசிகளின் திரள் என்பதைப் பெனெற் என்பார் 1920இல் எடுத்துரைத்தார். 1935இல் ஹாட் என்பார் அதனை விரிவாக ஆராய்ந்தார். குளிர்நீரில் அது படர ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். ஆகவே, படலமற்ற விலங்கு வெப்பக்கடலிலிருந்து அண்மையில் வந்ததெனக் கொள்ளப்பட்டது. ஏடறியா உயிரின் பயணத்துக்குப் பாசியே சாசனமாயிற்று.

எனினும், அச்சாசனம் தென்கடலுக்கே உரியது. 1982 முதல் 1984 வரை இந்து சமுத்திரத்தில் ஆய்வு நடத்திய ‘தூலிப்’ என்னும் பாய்க்கப்பலினர், திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களைக் கண்டனர். இவை தென்முனைக்குச் செல்லாது வட இந்து சமுத்திரத்திலேயே வாழ்வன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்கு முன்னரே, 1963க்கும் 1967க்கும் இடையில், சோவியத் கப்பல்கள் இச்சமுத்திரத்தின் வடபாகத்தில் 1,200க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றிருந்தன. அவ்விழப்பை நிரப்பத் தெற்கிலிருந்து வேறொரு கூட்டம் வருவதில்லை.

ஓரிடத்துச் சான்றை எவ்விடத்துக்கும் விதியாக்கல் தகாது என்பதை வரலாறு பயில்வோர் இதனாற் கற்பாராக.