வேலிக்குள் அடங்கும் ஒலி

வீட்டுத் தோட்டத்தில் ஒலிபெருக்கி அமைக்க விழைவோர் அக்கருவியின் வரலாற்றையும் அறிதல் நன்று. டென்மார்க்கிற் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதமும் கலிபோர்ணியாவின் நாபா நகரில், ஒரு சிறு வீட்டிலிருந்தே அதனை உருவாக்கி, 1915ஆம் ஆண்டிற் பொதுமக்கள் முன் வைத்தனர். 1919இல், சான் டியாகோ நகரின் திறந்தவெளி அரங்கிலே, ஜனாதிபதி வில்சனின் குரலை ஏறத்தாழ 50,000 மக்களுக்கு அது எட்டச் செய்தது.

பெருங்கூட்டத்துக்கெனப் பிறந்த இக்கருவி தோட்டத்துக்கு வந்தபோது சிக்கலும் உடன்வந்தது. வெளியிலே ஒலியைத் திருப்பித் தரச் சுவர்கள் இல்லை. தொலைவு இருமடங்கானால் ஒலிச்செறிவு நான்கிலொன்றாகக் குறையும். ஆகவே ஒரே கருவியை உரக்க முழக்கினால் அருகிலிருப்போர் செவி நோகும். அயலவர் உறக்கமும் கெடும். சிறு கருவிகள் பலவற்றை வேலியோரம் உள்நோக்கி நிறுத்தி, மெல்ல ஒலிக்கச் செய்தலே தக்க முறை. தோட்டத்து இசை தோட்டத்தோடு அமைதல் அயலவர்க்குச் செய்யும் மரியாதையாகும்.