டாக்காவிலிருந்து வந்த 15 பேர்

நான் குடியிருக்கிற டொலார்ட்-டெஸ்-ஓர்மோ (இங்கே யாரும் முழுப்பேர் சொல்றதில்லை, டீ.டீ.ஓ. தான்) நம்மாட்களுக்கு முருகன் கோயிலை வைத்துத்தான் தெரியும். சென் ரெஜி சாலையில் ஈழத்துக்காரர்கள் எழுப்பிய கோயில். அதற்குத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் பாயின்ட் கிளேர். மாஸ்டர்ஸுக்காகக் குடியேற்ற வரலாறு படிக்கப் போய்த்தான், நாடு விட்டு நாடு தத்தெடுக்கிற கதையில் இந்த ஊருக்கு எவ்வளவு பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது. அந்தக் கதையின் இன்னொரு முனை எங்க ஊரு போத்தனூர்ல இருக்குங்க. அதான் இந்தப் பதிவு.

1970களின் தொடக்கத்தில் சாண்ட்ரா சிம்ப்சன், பானி கப்பூச்சினோ, நவோமி பிரான்ஸ்டீன் என்று மூன்று பெண்கள் மாண்ட்ரியால் பக்கம் 'ஃபேமிலீஸ் ஃபார் சில்ட்ரன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பாயின்ட் கிளேரில் ஒரு வீடுதான் ஆபீஸ். பானியும் அவர் கணவர் ஃபிரெட்டும் வளர்த்த பிள்ளைகள் மொத்தம் 21. அதில் 19 தத்துப்பிள்ளைகள்! (நமக்கு ரெண்டு பேர் ரூம்மேட்டா இருந்தாலே சமையல் சண்டை.)

1971 போர் முடிந்தபோது பங்களாதேஷில் பாகிஸ்தான் ராணுவத்தாலும் கூட்டாளிகளாலும் சீரழிக்கப்பட்ட பெண்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்பது அந்நாட்டு அரசு சொல்லும் கணக்கு. ஷேக் முஜீப் அவர்களை 'பீராங்கனா', அதாவது வீராங்கனை என்று அழைத்தார். பட்டம் கொடுத்தது அரசு. வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியது சொந்தக்காரர்கள். அங்கேதான் கதவு சாத்தியது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்கள் ரகசியமாகப் பெற்றுவிட்டுப் போனார்கள். டாக்காவில் அன்னை தெரசாவின் சகோதரிகள் நடத்திய சிசுபவனில் அந்தப் பிள்ளைகள் சேர்ந்தன.

அமைப்பின் சார்பில் பானியும் ஃபிரெட்டும், ஒன்டாரியோவின் பர்லிங்டனிலிருந்து ஹெல்கே ஃபெர்ரியும் அவர் கணவரும் டாக்கா போனார்கள். 1972 ஜூலை 20ஆம் தேதி 15 குழந்தைகள் கனடா வந்து இறங்கின. 14 குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. வெளிநாட்டுக்குத் தத்து கொடுக்க வழிசெய்து பங்களாதேஷில் அதே ஆண்டு ஜனாதிபதி ஆணை எண் 124 வந்தது. கைவிடப்பட்ட குழந்தைக்கு அரசு ஒரு காப்பாளரை நியமிக்கும், அவரே தத்து கொடுக்கலாம். 1982ல் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார்கள்.

முஸ்தஃபா சௌத்ரி என்ற கனடா வங்காளி இந்த 15 பேரையும் பல வருஷம் தேடித் திரிந்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் வேலையைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தட்டிய இடம் ஒன்றுதான். குழந்தை எப்போது பிறந்தது, யார் எடுத்துப்போனது என்பதற்கெல்லாம் பதிவு இருக்கு. பெத்தவ யாருன்னு மட்டும் இல்லை. ரகசியம் காப்பதுதான் அன்று அவளுக்குக் கொடுத்த பாதுகாப்பு. அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனால் அவளுக்குப் பிள்ளையை வைத்துக்கொள்ள மனசு இருந்ததா என்று கேட்க அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. கர்ணனுக்காவது போருக்கு முன்னாடி குந்தி நேரில் வந்து சொன்னா.

இனி போத்தனூர். அதே 'ஃபேமிலீஸ் ஃபார் சில்ட்ரன்' பிற்பாடு எங்க ஊரில் ஒரு காப்பகம் நடத்தியது. அங்கிருந்து கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் பிள்ளைகள் போனார்கள். இந்தியாவில் 1956 தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் 1890ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் 'காப்பாளர்' ஆகி, பிள்ளையைக் கூட்டிப்போய் அங்கே தத்தெடுப்பார்கள். நடுவில் தரகர்கள் புகாமல் இருப்பார்களா? லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்து 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி தீர்ப்பு சொன்னார். அதில் எனக்குப் பிடித்தது: பிரசவத்துக்கு முன்னாலோ, பிறந்து மூணு மாசத்துக்குள்ளோ பிள்ளையைக் கொடுக்கும்படி பெற்றவர்களைத் தூண்டக்கூடாது. அம்மா ஒருவழியா காகிதத்துக்குள்ள வந்தா. 2015 சட்டத்தில் மனசு மாற 60 நாள் தருகிறார்கள்.

காகிதத்தில் பேர் இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. இலங்கையிலிருந்து 1980களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். வளர்ந்து அம்மாவைத் தேடிப்போனவர்களில் சிலருக்கு, பத்திரத்தில் இருந்த பெண் பெத்தவளே இல்லை, காசு வாங்கிக்கொண்டு அம்மாவாக வந்து நின்றவள் என்று தெரிந்தது. 2017ல் நெதர்லாந்து தொலைக்காட்சி இதைக் கிளப்பியது. 2021 பிப்ரவரியில் விசாரணைக்குழு அறிக்கை வந்ததும் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. குழு ஆராய்ந்த நாடுகளில் இலங்கையும் உண்டு, பங்களாதேஷும் உண்டு. இதில் வேடிக்கை, 1993 ஹேக் ஒப்பந்தத்தை முதலில் ஏற்ற மூன்று நாடுகளில் இலங்கை ஒன்று. இந்தியா 2003லதான் வந்துச்சு, கியூபெக்கில் அமலுக்கு வந்தது 2006ல்.

கப்பூச்சினோ தம்பதி 1985ல் 'சைல்ட் ஹேவன்' என்று வேறொரு அமைப்பு தொடங்கினார்கள். காந்திய வழியில், பிள்ளைகளைப் பிறந்த நாட்டிலேயே வைத்து வளர்க்கிற இல்லங்கள். ஒன்று நம்ம காஞ்சிபுரம் பக்கம் களியாம்பூண்டியில். டாக்காவிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிவந்த அதே கைகள். ஏன் இந்த மாற்றம்னு யாராவது அவங்ககிட்ட உட்கார்ந்து கேட்டிருந்தா நல்ல ஆய்வே கிடைச்சிருக்கும்.

கியூபெக்கில் தத்துப்பிள்ளைக்குப் புதுப் பிறப்புச் சான்றிதழ் எழுதுவார்கள், வளர்ப்புப் பெற்றோர் பேரோடு. 2018 ஜூனிலிருந்து பெற்றவர் பேரைக் கேட்டு வாங்கும் உரிமை விரிவாகியிருக்கிறது. டாக்காவிலிருந்து வந்தவருக்கு இது உதவாது. எழுதாத பேரை எந்தச் சட்டம் எடுத்துக் கொடுக்கும்?

கோவைப் பதிவர்களே, ஒரு வேலை. போத்தனூர், குனியமுத்தூர் பக்கம் அந்தக் காலத்தில் குழந்தைகள் காப்பகங்களில் ஆயாவாகவோ நர்ஸாகவோ இருந்த பாட்டிகள் யாராவது தெரிந்தால் பேச்சுக் கொடுங்கள். பிள்ளையை விட்டுட்டுப் போனவ என்ன சொல்லிட்டுப் போனான்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பேரெல்லாம் வலையில ஏத்த வேண்டாம். ஒரு நோட்டுல எழுதி வைங்க.