அலுமாரித் திறப்பும் ரங்கநாதனும்

வன்னியில் எங்கட ஊர் வாசிகசாலையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. உள்ளே புத்தகங்கள் வடிவாய்த் தெரியும், எடுக்கத்தான் ஏலாது. கேட்டால், "திறப்பு தலைவரிட்ட இருக்கு" என்பார்கள். பேப்பரை மட்டும் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். பல வருடம் கழித்து எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றி வாசித்தபோது, முதலில் ஞாபகம் வந்தது அந்தத் திறப்புத்தான்.

1892 இல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் ஒரு கணித ஆசிரியர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகரானார். சில நாட்களிலேயே அலுத்துப்போய், திரும்பவும் படிப்பிக்கப் போகிறேன் என்று நின்றார். முதலில் லண்டனுக்குப் போய்க் கற்றுவாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே பேர்விக் சேயர்ஸ் என்ற நல்ல ஆசிரியர் அவருக்குக் கிடைத்தார். இங்கிலாந்தின் நூலகங்களைத் தேடித்தேடிப் பார்த்தார். ஒரு ஊரையே வாசிக்க வைக்கிற வேலை இது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

1925 இல் திரும்பி வந்தவர், வாசகர்கள் தாங்களே இறாக்கைகளுக்கிடையில் போய்ப் புத்தகம் எடுக்க வழிவிட்டார். 1929 இல் சென்னையில் நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931 இல் நூலகத்துறையின் ஐந்து விதிகளை நூலாக எழுதினார். அதில் முதலாவது, புத்தகம் இருப்பது பாவிக்கத்தான் என்பது. கேட்கச் சின்ன விசயம். ஆனால் நூலகம் எங்கே இருக்கவேணும், எத்தனை மணிவரை திறந்திருக்கவேணும், அங்கே இருப்பவர் எப்படிப் பேசவேணும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்று அவர் காட்டினார். அதே வருடம் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போனது.

கடைசிவரை அவர் ஆசிரியராகவே இருந்தார். தன் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபா கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக வழிசெய்தார். 1962 இல் பெங்களூரில் ஆவணமாக்கல் பயிற்சி மையத்தைத் தொடக்கினார். 1972 இல் இறந்தார். இந்தியாவில் ஓகஸ்ட் 12 ஐ அவர் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

எங்களுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1950களில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் புதுக் கட்டடம் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவர் ரங்கநாதன். 1959 இல் திறந்த அந்த நூலகத்தை 1981 இல் எரித்தார்கள். 97,000 அளவில் புத்தகங்கள் சாம்பலாகின.

வன்னியில் நாங்கள் 2009 இல் புத்தகங்களோடு சேர்த்து எவ்வளவோ இழந்தோம். பிறகு கட்டடங்கள் எழும்பின, அலுமாரிகளும் வந்தன. ஆனால் புத்தகத்தை எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால், அது எரியாமல் இருந்தும் பிரயோசனம் இல்லை. அப்படியான ஆட்களை உருவாக்கத்தான் ரங்கநாதன் தன் வாழ்நாளைக் கொடுத்தார்.

உங்கட ஊர் வாசிகசாலைக்கு அடுத்தமுறை போனால், எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். போன கிழமை எத்தனை புத்தகம் வெளியே போனது என்று கேளுங்கள். அப்படியே, திறப்பு யாரிட்ட இருக்கு என்றும் கேட்டுப் பாருங்கள்.